படிவத்தில் ஒரு அப்பாவுக்குத்தான் இடம்

எங்கள் பள்ளத்தாக்கில் வயிறு எரியாத ஆளைப் பார்த்தால்தான் இவனுக்கு என்ன நோயோ என்று கவலைப்படுவோம். கண் விழித்ததும் உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த தேநீர், அதில் பிசைந்த வறுத்த பார்லி மாவு, போன குளிர்காலத்தில் உத்தரத்தில் தொங்கவிட்ட காய்ந்த இறைச்சி. பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டு நாலு ஏப்பம். காலை வேளை இங்கே இப்படித்தான் விடியும். என் பெட்டியில் சோடா மாத்திரை தீர்ந்துபோனால் ஊரே என்னை வையும். முப்பத்திரண்டு வருடமாக நான்தான் இந்த ஊருக்குச் சுகாதாரப் பணியாளர். கீசோம் அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதும் தெரியும். அந்த நீள வாய், பேச வேண்டிய நேரத்தில் என்ன செய்தது என்பதும் இதில் வரும். ஆனால் இது பூத்ரியின் கதை.

பூத்ரி என்று எங்கள் பக்கம் பெண்ணுக்குப் பெயர் வைத்தால், அடுத்தபடியாவது ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வா தாயே என்று அர்த்தம். அவள் கூட்டி வந்ததென்னவோ இன்னும் இரண்டு தங்கைகளை. அதற்கு அவள் அப்பா சாகும்வரை அவளைத்தான் குறை சொன்னார். பிறந்த நாளிலிருந்தே செய்யாத தப்புக்குத் தலை குனியப் பழகியவள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. அமைதியான பெண், கைவேலை சுத்தம் என்று மட்டும் நினைத்தேன்.

இருபது வயதில் காங்சார் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். அந்த வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் வாங்து, நடுவில் தோப்கே, கடைசி லுந்துப். மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் அவள் மனைவி. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஆளுக்கொரு பெண்டாட்டி என்று நிலத்தைப் பிரித்தால், பிறகு கதிர் அறுக்க அரிவாள் வேண்டாம், கத்தரிக்கோல் போதும். வாங்துவுக்கு அப்போது இருபத்தாறு. லுந்துப்புக்குப் பதினொன்று. கல்யாணத்தன்று மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தபோது, கடைசி மாப்பிள்ளை தூங்கி விழுந்து பார்லிக் கள் குடத்தைக் கவிழ்த்தான். முதல் சில வருடங்கள் அவனுக்கு மூக்குத் துடைத்துவிட்டதும் அவள்தான்.

அந்த வீட்டை அவள் நடத்திய அழகை நான் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு ஒரு கரண்டி கூட, ஒருவருக்கு ஒரு கரண்டி குறைவு என்று கிடையாது. யார் எந்த ராத்திரி என்பது அவளுக்கும் வாசலில் கழற்றி வைக்கப்பட்ட காலணிக்கும் மட்டும் தெரியும். பிள்ளைகள் மூத்தவரை அப்பா என்று கூப்பிடும், மற்ற இருவரைச் சித்தப்பா என்று கூப்பிடும். எந்தப் பிள்ளை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது நாகரிகம் இல்லை. பெற்றவளுக்குத் தெரியும், தெரிந்ததை அவளும் சொல்லக் கூடாது. அண்ணன் தம்பி ஒற்றுமை அந்த ஒரு மூடியின் கீழேதான் வெந்துகொண்டிருக்கிறது.

பூத்ரிக்கு இரண்டு பிள்ளைகள். மகள் கல்யாணமாகி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விட்டாள். மகன் நோர்சாங் வீட்டில். நோர்சாங் யாருடைய மகன் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் அவன் நடந்து வருவதைப் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். அவன் கருவான கோடையில் தோப்கே லாசாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், வாங்து மேல்புல்வெளியில் மந்தையோடு இருந்தார். வீட்டில் இருந்தது இருபது வயது லுந்துப். போதாக்குறைக்குப் பையன் அதே இடதுகைப் பழக்கத்தோடும் அதே விடைத்த காதோடும் வந்து பிறந்தான். நான்தான் தொப்புள்கொடி அறுத்தேன். காதைப் பார்த்தேன், பூத்ரியைப் பார்த்தேன், இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.

எங்களுக்கு இயல்பானது வெளியாருக்கு வேடிக்கை என்று அவள் தெரிந்துகொண்டது சாலை போட வந்த ஆட்களிடம். ஒரு நாள் கல் சுமக்கப் போனவளைப் பார்த்து, மூணு புருஷன்காரி நாலாவதுக்கு இடம் வெச்சிருக்காளா என்று ஒருவன் கேட்டானாம். மற்றவர்கள் கல்லைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்களாம். அன்றிலிருந்து வெளியூர் ஆள் ஊருக்குள் வந்தால் அவள் ஆட்டுக் கொட்டிலுக்குள் போய்விடுவாள். அரசாங்கக் காகிதத்திலும் வாங்துவின் மனைவி என்று மட்டும்தான் இருக்கும். மற்ற இருவரும் அதில் கல்யாணமாகாதவர்கள். காகிதத்தில் ஒரு பெண்ணுக்கு ஒரு புருஷன், ஒரு பிள்ளைக்கு ஒரு அப்பா. அதற்கு மேல் கோடு போட்டிருக்காது.

லுந்துப்புக்கு வயிற்றில் கட்டி வந்தது நாற்பத்து நாலு வயதில். ஒரு வருடம் என்னிடம் சோடா மாத்திரை வாங்கித் தின்றார். அடுத்த வருடம் உடம்பு பாதியானது. நகரத்துக்குக் கொண்டுபோனபோது வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடி அனுப்பிவிட்டார்கள். கடைசி மாதம் பூத்ரி அவருக்கு வெண்ணெயை உருக்கிச் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். அதுவும் இறங்கவில்லை. மூன்று பேரில் யாரிடம் அவளுக்குப் பிரியம் அதிகம் என்று அந்த ஒரு மாதத்தில்தான் அவள் முகத்தில் தெரிந்தது. அதற்கும் வெட்கப்பட்டுக்கொண்டு முகத்தை இடுப்பில் கட்டிய முன்துணியால் மறைத்துக்கொள்வாள்.

நாலு வருடம் கழித்து, கதிரடிப்பு முடிந்த சமயத்தில், நகரத்து மருத்துவமனையிலிருந்து ஒரு குழு வந்தது. தலைமை டாக்டர் யாங்சென், வடக்கே தூரத்து ஊர்க்காரி. எங்கள் இனம்தான் என்றாலும் அவள் பேச்சு எங்களுக்குப் பாதி புரியும், எங்கள் பேச்சு அவளுக்குப் பாதி புரியாது. என்னோடு சீனத்தில் பேசினாள். உயரமான இடத்தில் இருப்பவர்களுக்கு ஏன் வயிற்றில் கட்டி அதிகம் வருகிறது, ஒரே உப்பைத் தின்று ஒரே தேநீரைக் குடித்தும் சிலருக்கு வருகிறது சிலருக்கு வருவதில்லையே, அது ரத்தத்தில் பரம்பரையாக வரும் ஏதோ வித்தியாசத்தாலா என்று பார்க்கிறார்களாம். ரத்தம் கொடுத்தவர்களில் ஆபத்து அதிகம் என்று தோன்றுகிறவர்களைக் கூப்பிட்டு, வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பார்களாம். முடிவாக ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். தெரிந்தால் இவ்வளவு தூரம் எதற்கு வருகிறோம் என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

ஊர்த் தலைவர் முதல் நாளே எல்லோரையும் கூட்டி எச்சரித்துவிட்டார்.

“காகிதத்துல எப்படி இருக்கோ அப்படியே சொல்லுங்க. வெளியூர்க்காரங்க முன்னாடி நம்ம அடுப்படியத் திறந்து காட்டிக்கிட்டு இருக்க வேணாம்.”

பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து படிவம் எழுதியதும், ரத்தம் பிடித்த குழாயில் பெயர் ஒட்டியதும் நான். காங்சார் வீட்டிலிருந்து வாங்து, பூத்ரி, நோர்சாங் மூவரும் வந்தார்கள். தோப்கே இன்னும் லாசாவில்தான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நோர்சாங்குக்கு அப்போது இருபத்தெட்டு வயது. உன் அப்பா யார் என்றேன். வாங்து என்றான். உயிரோடு இருக்கிறாரா என்றேன். இதோ பக்கத்தில் நிற்கிறாரே அத்தை, கண் தெரியலையா என்று சிரித்தான். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது வயிற்றில் கட்டி உண்டா என்பது அடுத்த கேள்வி. அவன் வாய் திறப்பதற்குள் என் கண் பூத்ரியிடம் போனது. அவள் கண் என்னிடம் வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தோம். அவன் இல்லை என்றான். நான் இல்லை என்று எழுதினேன். சித்தப்பாவுக்கென்று படிவத்தில் தனியாக ஒரு கட்டமும் இல்லை.

அந்த வாரம்தான் அவன் என்னிடம் இரண்டாவது அட்டை சோடா மாத்திரை வாங்கியிருந்தான். அது எனக்கு நினைவிருந்தது. நினைவில்லை என்று சொன்னால் பொய்.

குளிர்காலத்தில் ஒரு மத்தியானம் நான் கூரை மேல் சாண வறட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கூரை மேல் ஏறினால்தான் போன் எடுக்கும். டாக்டர் யாங்சென் கூப்பிட்டாள். குரலில் கோபம்.

“காங்சார் வீட்டுல ரத்தம் பிடிச்ச குழாய் மூணையும் பார்த்தோம். அம்மாவும் மகனும் ஒத்து வர்றாங்க. அப்பா ஒத்து வரலை. வேற யாரோட ரத்தத்திலயோ அவர் பேரை ஒட்டிட்டீங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் அவளே மேலே பேசினாள். அந்த மகனின் ரத்தத்தில் அவர்கள் தேடுகிற வித்தியாசம் இருக்கிறதாம். அது இருந்தாலே நோய் வரும் என்று இல்லை. பெற்றவர்களுக்கும் வந்திருந்தால் மட்டும் கட்டாயம் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். நீங்கள் யாருக்கும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது குழாயே மாறியிருக்கிறது என்றால் அது இந்த வீட்டு அம்மா மகனா, வேறு வீட்டு அம்மா மகனா என்பதே சந்தேகம் என்றாள்.

ஒரே ஒரு வாக்கியம்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வீட்டில் மூன்று அப்பாக்கள், பெற்றவர் வயிற்றுக் கட்டியில் செத்துப்போனார் என்று. சீனத்தில் அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இருந்தது. சொன்னால் அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி வரும். பிறகு, ஓ, அப்படியா என்பாள். அந்த ‘அப்படியா’வை நினைத்ததும் எனக்கு முகம் எரிந்தது. முப்பது வருடமாக ஒரு குழாயைக்கூட மாற்றி ஒட்டாதவள் நான். அந்தப் பெருமையை விட்டுக்கொடுத்தேன், அந்த வீட்டு ரகசியத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

“ஆமா டாக்டர். நான்தான் மாத்தி ஒட்டியிருப்பேன்” என்றேன்.

அவள் நன்றாகத் திட்டினாள். உங்களால் ஒரு வீட்டையே பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது என்றாள். நான் ஆமாம் ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன். கீழே இறங்கும்போது பூத்ரியின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்காக வசவு வாங்கினேன் என்று ஒரு சின்னக் கர்வம்கூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவர்கள் வீட்டில் யாரிடமும் இந்தப் போனைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை.

உழவு தொடங்கியபோது பட்டியல் வந்தது. எங்கள் ஊரிலிருந்து பதினோரு பேர். நோர்சாங் பெயர் இல்லை. அதற்குள் அவன் உடம்பு இளைத்து இடுப்புக் கச்சையில் இரண்டு சுற்று கூடியிருந்தது. ஏர் பிடித்தவன் பாதிச் சாலில் உட்கார்ந்துவிடுவான். போய்க் காட்டு என்று அவன் பெண்டாட்டி அழுதாள். அவன் கேட்கவில்லை.

“என் ரத்தத்தையே எடுத்துப் பார்த்துட்டாங்க. பேர் இல்லை. அப்போ எனக்கு ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?” என்று என்னிடமே கேட்டான்.

அவனுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? எதற்கும் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்துக்கொள் என்றேன். வெட்கம்கெட்டவள்.

மறுநாள் காலை பூத்ரி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டாள். பெற்றவர்களுக்கு வந்திருந்தால் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள் என்றேன். முன்துணியின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

“இவனுக்கு அப்பா வாங்துன்னு எழுதின, இல்ல?”

“அவன்தானே அப்படிச் சொன்னான்.”

“அவன் சொன்னான். நீ எழுதின. நான் பார்த்துக்கிட்டே நின்னேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் அடுப்பைக் கிளறினேன்.

“நாளைக்கு டவுனுக்குப் போவோம் அக்கா. வாங்துவும் வரட்டும். அவர் முதுகுக்குப் பின்னாடி நான் இதைச் சொல்ல மாட்டேன்” என்றாள்.

வெளியாள் வந்தால் கொட்டிலுக்குள் ஒளிகிறவள், மறுநாள் திருவிழாவுக்குக் கட்டும் கோடு போட்ட முன்துணியைக் கட்டிக்கொண்டு வந்தாள். நாங்கள் போன அன்றுதான் பட்டியலில் இருந்த பதினோரு பேருக்கும் முறை. அவர்கள் எல்லோரும் நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் இருந்த அறைக்குக் கதவு இல்லை. ஒரு துணித் திரைதான், அதையும் ஒதுக்கிக் கட்டியிருந்தார்கள். நான் முன்னால் போய்த் திரையை இழுத்துவிட்டிருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை.

பூத்ரி டாக்டர் முன்னால் நின்று, மகனைக் காட்டிச் சொன்னாள்.

“இவனப் பெத்தது வாங்து இல்லை. அவர் தம்பி லுந்துப். வயித்துல கட்டி வந்து செத்துட்டார்.”

டாக்டருக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. என்ன என்று கேட்டாள். பூத்ரி இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். பெஞ்சில் பேச்சு நின்றுவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்தாள், மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லி. நான் பூத்ரியின் முன்துணிக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூத்ரி மூன்றாவது தடவை சொன்னாள். இந்தத் தடவை விரலால் காட்டி. இவர் இல்லை, இவர் தம்பி, செத்துப்போனவர், இங்கே கட்டி என்று தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அவள் கழுத்து வரை சிவந்திருந்தது. கண் மட்டும் தரையைப் பார்க்கவில்லை.

கடைசியில் நோர்சாங்தான் அதைச் சீனத்தில் சொன்னான். இருபத்தெட்டு வயதில், தன்னைப் பெற்றவர் யார் என்பதைத் தன் வாயாலேயே, ஊர் கேட்க, ஒரு வேற்றூர்க்காரிக்குச் சொல்லவேண்டி வந்தது அவனுக்கு. எனக்காக அவன் செய்த வேலை அது.

வாங்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். டாக்டர் அவரைப் பார்த்ததும், “அவ சொல்றது சரி. எழுதிக்குங்க” என்றார். பிறகு சன்னலுக்குப் போய் வெளியே ஒன்றுமில்லாத முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் எழுதவில்லை. பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். நல்லவேளை, சீனத்தில் கேட்டாள்.

“அப்போ குழாய் மாறலை.”

“இல்லை.”

“நான் போன் பண்ணினப்பவே உங்களுக்குத் தெரியும்.”

தலையை ஆட்டினேன். பூத்ரிக்கு அது புரியவில்லை. வாங்துவுக்கும் புரியவில்லை. நோர்சாங் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான்.

குழாய் விட்டுப் பார்த்ததில் கட்டி இருந்தது. பாதி வயிற்றை எடுக்க வேண்டும் என்றார்கள். குளிர்காலத்திலேயே வந்திருந்தால் ஒருவேளை குழாய் வழியாகவே சுரண்டி எடுத்திருக்கலாம், இனி கத்திதான் என்றாள் டாக்டர். அறுவைக்குச் சம்மதம் எழுதித் தர ஒரு காகிதம் வந்தது. வாங்து கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தவர். உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“இங்க என்ன போட? அப்பாவா, பெரியப்பாவா?”

அப்பா என்றே போடுங்கள் என்றேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்க வெகு நேரமானது.

நோர்சாங் பிழைத்தான். ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? பெஞ்சில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் பதினோரு வீட்டில் சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இதே கதைதான், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு லுந்துப் உண்டு. இருந்தும் வாய்விட்டுச் சொன்னவள்தான் மானம்கெட்டவள் என்றானது. கள் குடிக்கும் இடத்துக்கு வாங்து போனால், வாங்க பெரியப்பா என்று ஒரு இளவட்டம் நகர்ந்து இடம் கொடுத்தது. அவர் அதன் பிறகு அங்கே போவதை நிறுத்திவிட்டார். வீட்டில் பூத்ரியோடு சண்டை இல்லை, பேச்சும் இல்லை. நோர்சாங் மட்டும் முன்பு எப்படி அப்பா என்று கூப்பிட்டானோ அப்படியே கூப்பிடுகிறான். அவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன் ஒரு நொடி தயங்குகிறார்.

எனக்கு ஒரு குறையும் வரவில்லை. கூடப் போனவள் என்று நல்ல பெயர்தான் வந்தது. பூத்ரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அக்கா இல்லையென்றால் என் பிள்ளை இல்லை என்பாள். நான் தேநீர்க் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் வீட்டுக்குப் போகாமல் இருக்கக் காரணம் தேடினேன். ஆனால் தையல் ஆறியதா என்று பார்க்க நான்தானே போகவேண்டும். பத்து நாளுக்கு ஒரு முறை போனேன். ஒவ்வொரு முறையும் நோர்சாங் எழுந்து எனக்கு மெத்தை போட்டான். டவுனில் பார்த்த அந்தப் பார்வையை அவன் இன்னொரு முறை பார்க்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை. சொல்லாமல் இருப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியும்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. இந்த இலையுதிர் காலத்தில் ஒரு மத்தியானம், அவர்கள் சமையலறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நோர்சாங் பாதி வயிற்றுக்காரன். ஒரு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு ஒரு முட்டை அளவு மாவு உருண்டை. அதை இடது கையால் பிசைந்துகொண்டிருந்தான். பூத்ரி அவன் பிசைவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எத்தனையாவது முறையோ, சொன்னாள்.

“அன்னிக்கு அந்த மேஜை முன்னாடி நான் வாயத் தொறந்திருந்தா, இவன் வயிறு முழுசா இருந்திருக்கும். என் வெக்கம்தான் பிள்ளையோட வயித்தத் தின்னுடுச்சு.”

நோர்சாங்கின் கை நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்தான், என்னைத்தான். கேட்கவில்லை, மிரட்டவில்லை. பசித்தவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான், அவ்வளவே. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கூரை மேல் வந்த போன், டாக்டர் கேட்டது, பையனின் ரத்தத்தில் அது இருக்கிறது என்று அப்போதே அவள் சொன்னது, நான் சொன்ன பொய், அதற்குப் பின்னால் நாலு மாதம் நான் வாயை மூடிக்கொண்டு அவனுக்குச் சோடா மாத்திரை கொடுத்தது. உன் மேல் தப்பு ஒரு பங்குதான், மிச்சமெல்லாம் என் மேல் என்றேன். அழுதுகொண்டே சொன்னேனா என்று நினைவில்லை. மூக்கு ஒழுகியது நினைவிருக்கிறது.

பூத்ரி கத்தவில்லை. அடுப்பில் ஒரு வறட்டியைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

“போன் வந்தப்ப உன் பக்கத்துல யாராவது இருந்தாங்களா?”

“இல்லை. நான் மட்டும்தான்.”

“ஊர்க்காரங்க யாரும் இல்லை. அந்த டாக்டரும் முன்னாடி இல்லை. அப்புறம் யாருக்காகச் சொன்ன?”

“உனக்காகத்தான். உன் மானம் போயிடக் கூடாதுன்னு.”

அவள் தலையை ஆட்டினாள், கணக்குப் புரிந்துவிட்டது போல.

“நான் என்னை நெனச்சு வெக்கப்பட்டேன் அக்கா. அது என் வீடு, என் பாடு. ஆனா நீயும் என்னை நெனச்சு வெக்கப்பட்டிருக்க. பக்கத்து வீட்டுலயே இருந்துக்கிட்டு, இத்தனை வருஷமா. அது எனக்குத் தெரியாமப் போச்சு.”

நோர்சாங் குனிந்து தன் உருண்டையை மறுபடியும் பிசையத் தொடங்கினான்.